வாசலில் விழும் வரிச்சீட்டும் மாநில வாக்கும்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டில் ஒரு தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு ஆண்டுக்கு மூன்று வரிக்கெடு உண்டு. பிப்ரவரி முடிவதற்குள் அரையாண்டு வீட்டு வரி, மே 31-க்குள் நில வரி, ஆகஸ்டு முடிவதற்குள் மீண்டும் அரையாண்டு வீட்டு வரி. வீட்டு வரியை ஊரில் எல்லாரும் 'சுக்காய் பிந்து' என்றே சொல்கிறார்கள். அது கோலகங்சார் நகராண்மைக் கழகத்துக்குப் போகிறது. நில வரி பேராக் மாநில அரசுக்குப் போகிறது. மூன்றையும் கூட்டினாலும் பல வீடுகளில் ஒரு மாத மளிகைச் செலவை எட்டாது.

ஆனால் இந்த மூன்று சீட்டுகளுக்குப் பின்னால்தான் தோட்டப்புறத் தமிழர் உயிராக நினைக்கும் எல்லாமே இருக்கின்றன: சொந்த வீடு, கோயில் நிலம், பள்ளி நிலம், இடுகாடு, கால்வாய், விளக்கு. இவை அத்தனையும் மாநிலத்தின் கையில் உள்ளவை. அப்படியிருந்தும் தேநீர்க்கடை மேசையில் வரி என்ற பேச்சு எழுந்தால் அது நேராகக் கூட்டரசு, அதாவது மத்திய அரசு, இருக்கும் புத்ராஜெயாவுக்குப் போய்விடுகிறது. விற்பனை வரி, டீசல் விலை, பிரதமர் என்றே அரை மணி நேரம் ஓடும். மாநிலச் சட்டமன்றத்தைப் பற்றி ஒரு வாக்கியம் வராது. பழமை பேணுகிறவர்கள் தங்கள் வீட்டு வாசலிலேயே கோட்டை விடும் இடம் இதுதான். அதை விளக்கவே இக்கட்டுரை.

'பழமைவாதம்' என்ற சொல்லைக் கேட்டதும் மலேசியாவில் சமயக் கட்சிகளின் நினைவுதான் வரும். தோட்டத்திலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்களிடம் அதற்கு வேறு பொருள் உண்டு. கடன் வாங்காமல் வாழ வேண்டும், சிறுகக் கட்டிப் பெருக வாழ வேண்டும், பிள்ளை தமிழ்ப்பள்ளியில் தொடங்க வேண்டும், கோயில் திருவிழா ஊர்ப்பணத்தில் நடக்க வேண்டும், அரசு நம் பையில் கை வைத்தால் கணக்குக் காட்ட வேண்டும். இந்த மனப்போக்கு ம.இ.கா.வில் (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) இருப்பவரிடமும் உண்டு, எதிரணிக்கு வாக்களிப்பவரிடமும் உண்டு. கட்சி மாறினாலும் இது மாறுவதில்லை.

இதன் வேர் இதே ஊரில்தான் இருக்கிறது. சுங்கை சிப்புட்டில் 1919-இல் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன், 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். வெள்ளைக்கார நிறுவனங்கள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போன காலம் அது. வாங்கியவர்கள் தோட்டங்களைத் துண்டாடி விற்றார்கள். தோட்டத்துக் குடியிருப்பான லயத்தில் இருந்தவர்கள் வேலையையும் வீட்டையும் ஒரே நாளில் இழந்தார்கள். அப்போது சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்க் கேட்டது பத்துப் பத்து வெள்ளி (ரிங்கிட்). தொழிலாளியின் சேமிப்பைக் கொண்டே தோட்டத்தை வாங்குவது என்ற அந்த எண்ணத்தில் சிக்கனம், சொத்துரிமை, தன்மானம் மூன்றும் இருந்தன. தோட்டப்புறப் பழமைப் போக்கின் சாரம் என்றால் அதுவே. வேறு நாட்டுக் கட்சிகளின் கொள்கை ஏட்டைப் புரட்ட வேண்டியதில்லை.

லயத்து வாழ்க்கையில் இன்னொரு விளைவும் உண்டு. அங்கே வீடு நிர்வாகத்துடையது. குழாய்த் தண்ணீர், வேலி, சாக்கடை எல்லாம் கிராணியிடம் (தோட்ட எழுத்தர்) சொல்ல வேண்டிய விஷயங்கள். வரிச்சீட்டு எதுவும் தொழிலாளியின் கைக்கு வந்ததில்லை. தோட்டத்தை விட்டு மலிவு விலை வீட்டுக்கு வந்த தலைமுறைதான் முதன்முதலாகத் தன் பெயரில் ஒரு சீட்டைப் பார்த்தது. ஐம்பது வயதில் முதல் வரிச்சீட்டைக் கையில் வாங்கியவருக்கு, ஆட்சேபம் தெரிவிக்க ஒரு வழி உண்டு என்பது தெரிய வாய்ப்பில்லை. தோட்டத்தில் நிர்வாகம் சொன்னதைப் போலத்தான் இதையும் எடுத்துக்கொண்டார்.

பணம் எங்கே போகிறது

கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணை அதிகாரங்களைப் பிரிக்கிறது. வருமான வரி, சுங்கம், விற்பனை வரி, கல்வி, சுகாதாரம், காவல் ஆகியவை கூட்டரசுக்கு. நிலம், காடு, ஊராட்சி, இஸ்லாமிய விவகாரம் ஆகியவை மாநிலத்துக்கு. பத்தாவது அட்டவணை மாநிலத்துக்கு எந்தெந்த வருமானம் உரியது என்று வரிசையிடுகிறது. அந்தப் பட்டியலின் முதல் வரி எது தெரியுமா? கள்ளுக்கடை வருமானம். அதற்குப் பிறகுதான் நிலம், சுரங்கம், காடு வருகின்றன. அதற்குப் பின்னால் உரிமக் கட்டணங்கள், கேளிக்கை வரி என்று போகிறது.

தோட்டத்துக் கள் ஒரு காலத்தில் அரசாங்கங்களுக்கு எவ்வளவு முக்கியமாக இருந்திருந்தால் அது அரசியலமைப்பிலேயே இடம்பிடித்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். தொழிலாளியின் கூலி, கள்ளுக்கடை வழியாகத் திரும்பக் கருவூலத்துக்கே போய்க்கொண்டிருந்தது. 1946-47-இல் கெடாவில் தொண்டர் படை எழுந்தது இதை எதிர்த்துத்தான். தோட்டம் தோட்டமாகப் போய்க் கள்ளை நிறுத்தச் சொன்ன அந்த இளைஞர்கள், குடும்பத்தைக் காப்பதையே அரசியலாக எடுத்துக்கொண்டார்கள். அடிமட்டப் பிரசாரம் என்று இன்று நாம் சொல்வதற்குத் தோட்டத் தமிழரிடையே அதைவிட நல்ல முன்மாதிரி இல்லை. வாடகைக்கு எடுத்த மேடையை நம்பி அவர்கள் வேலை செய்யவில்லை. வீட்டுத் திண்ணையும், வேலைக்கு முன் தொழிலாளர் கூடும் பெரட்டுக்களமும் போதுமானதாக இருந்தன.

மாநிலத்தின் வருமானம் எவ்வளவு குறுகலானது என்பதற்கு ஒரு கணக்கு. மக்கள்தொகை அடிப்படையில் கூட்டரசு ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஆண்டுதோறும் மானியம் தர வேண்டும். முதல் 1 லட்சம் பேருக்குத் தலைக்கு 72 ரிங்கிட். அடுத்த 5 லட்சம் பேருக்கு 10.20 ரிங்கிட், அதற்கடுத்த 5 லட்சத்துக்கு 10.80, மீதிப் பேருக்கு 11.40. பேராக்கின் மக்கள்தொகையை ஏறத்தாழ 25 லட்சம் என்று கொண்டு பெருக்கினால் 3 கோடியே 36 லட்சம் ரிங்கிட் சொச்சம் வரும். தலைக்குப் பதின்மூன்றரை வெள்ளி. சாலைப் பராமரிப்புக்குத் தனி மானியம் உண்டு, வேறு சில மானியங்களும் உண்டு. ஆனாலும் சட்டம் உறுதியாகக் கொடுக்கும் தலைக்கணக்கு இவ்வளவுதான்.

இனி சுங்கை சிப்புட்டைச் சுற்றியிருக்கும் செம்பனையைப் பாருங்கள். நிலம் மாநிலத்துடையது, அதற்குரிய நில வரியும் மாநிலத்துக்கு வருகிறது. ஆனால் எண்ணெய் விலை ஏறும்போது வசூலிக்கும் மிகையாதாயத் தீர்வை கூட்டரசுக்குரியது. தீபகற்பத்தில் அது தொடங்கும் விலை 2025 ஜனவரி முதல் டன்னுக்கு 3,000-லிருந்து 3,150 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. ஏற்றுமதி வரியும் கூட்டரசுக்கே. தோட்ட நிறுவனத்தின் வருமான வரியும் அங்கேதான். காய் வெட்டுகிறவரும் லாரி ஓட்டுகிறவரும் தேய்க்கும் சாலை ஊரில் கிடக்கிறது, விலை ஏறிய ஆண்டின் பலன் ஊரைத் தாண்டிப் போகிறது. 'இங்கே விளைந்ததில் இங்கே ஒரு பங்கு நிற்கட்டும்' என்று பழமைப் போக்குடையவர்கள் கேட்பது இதனால்தான். நியாயமான கேள்வி. ஆனால் அதைச் சட்டமன்ற வேட்பாளரிடம் கேட்டுப் பயனில்லை. நாடாளுமன்ற வேட்பாளரிடம் கேட்க வேண்டியது. இந்த இடம் மாறுவதால்தான் பாதிப் பிரசாரம் காற்றில் போகிறது.

விற்பனை வரியிலும் இப்படியே. பொருள் சேவை வரி 2015 ஏப்ரல் 1 முதல் 6 விழுக்காடாக இருந்தது, 2018 ஜூன் 1-இல் சுழியமாக்கப்பட்டது, செப்டம்பர் 1 முதல் பழைய விற்பனை, சேவை வரி திரும்பியது. பொருள் சேவை வரியில் 2017-இல் வசூலானது சுமார் 44 பில்லியன் ரிங்கிட். அதை எடுத்தபோது ஊரே மகிழ்ந்தது. இன்று சேவை வரி பெரும்பாலான சேவைகளுக்கு 8 விழுக்காடு. விற்பனை வரியோ ஆலையிலும் இறக்குமதித் துறைமுகத்திலும் 5 அல்லது 10 விழுக்காடாக ஒரே ஒருமுறை வாங்கப்பட்டு, விலைக்குள் கலந்துவிடுகிறது. கடைச் சீட்டில் அது தெரியாது. வரியைக் குறைவாக விரும்புகிறவர், கண்ணுக்குத் தெரியும் வரியைத்தான் விரும்ப வேண்டும். சீட்டில் 6 விழுக்காடு என்று அச்சடித்திருந்தால் ஒவ்வொரு நாளும் அது உறுத்தும், உறுத்தினால் கேள்வி பிறக்கும். மறைந்திருக்கும் வரி இனிக்கிறது, அதனால் கேள்வி வருவதில்லை. பொருள் சேவை வரியை எதிர்த்த பலரும் இந்தப் பக்கத்தை எண்ணவே இல்லை. அந்த வரி ஏழை வீட்டைக் கடித்தது உண்மை. ஆனால் கடித்தது எது என்றாவது தெரிந்தது.

வீட்டு வரி எப்படிக் கணக்காகிறது

இங்கேதான் நிதானமாக நிற்க வேண்டும். ஏனென்றால் இந்த ஒரு வரியில்தான் சாதாரணக் குடிமகன் எழுதிக் கேட்டு, தொகையை மாற்ற முடியும்.

1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம், அதாவது சட்டம் 171, இரண்டு அடிப்படைகளை அனுமதிக்கிறது. ஒன்று ஆண்டு மதிப்பு: அந்த வீட்டை வாடகைக்கு விட்டால் ஓராண்டுக்கு நியாயமாக எவ்வளவு வரும் என்ற மதிப்பீடு. மற்றது மேம்பட்ட மதிப்பு: நிலமும் கட்டடமும் சேர்ந்து விற்றால் வரும் விலையின் மதிப்பீடு, ஜொகூரில் பின்பற்றுவது. ஆண்டு மதிப்பு முறையில் வரி 35 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது, மேம்பட்ட மதிப்பு முறையில் 5 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. நடைமுறையில் விழுக்காடு இதைவிட மிகக் குறைவு. ஓர் எடுத்துக்காட்டு: கழகம் ஒரு வீட்டின் மாத வாடகையை 400 ரிங்கிட் என்று மதிப்பிட்டால் ஆண்டு மதிப்பு 4,800. விழுக்காடு 8 என்றால் ஆண்டு வரி 384, அரையாண்டுக்கு 192. வரி ஏறுவது இரண்டு வழிகளில். விழுக்காட்டை உயர்த்தலாம், அல்லது விழுக்காட்டைத் தொடாமல் மதிப்பை மட்டும் உயர்த்தலாம். 400 வாடகை 600 என்று திருத்தப்பட்டால் அதே 8 விழுக்காட்டில் வரி 576 ஆகிவிடும். 'வரி விகிதத்தை ஏற்றவில்லை' என்று மேடையில் சொல்வது அப்போதும் பொய்யாகாது. சீட்டில் இரண்டு எண்களையும் பார்க்கப் பழக வேண்டும்.

புதிய மதிப்பீட்டுப் பட்டியல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை, அல்லது மாநில அரசு தீர்மானிக்கும் நீட்டித்த காலத்தில் தயாராகும். பட்டியல் தயாரானதும் அறிவிப்பு வரும், திருத்த விசாரணைக்கு ஒரு நாள் குறிக்கப்படும். அந்த நாளுக்குக் குறைந்தது 14 நாள் முன்னதாக எழுத்து வடிவில் ஆட்சேபம் கழகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். பெரும்பாலோர் தவறுவது இந்த 14 நாளில்தான். அறிவிப்பு மலாய் மொழியில் வரும், வீட்டில் பெரியவர் மட்டும் இருப்பார், பிள்ளை தீபாவளிக்கு வரும்போது காட்டலாம் என்று அலமாரியில் வைத்துவிடுவார். கெடு போய்விடும்.

இரண்டாவது தவறு, ஆட்சேபத்தில் எழுதுவது. 'நான் ஓய்வு பெற்றவன், வருமானம் இல்லை, கருணை காட்டுங்கள்' என்று எழுதினால் அது ஆட்சேபத்துக்கான காரணமே ஆகாது. சட்டம் ஏற்கும் காரணங்கள் சொத்தைப் பற்றியவை: மதிப்பு மிகையாக இருக்கிறது, வரிக்கே உட்படாத சொத்து, பட்டியலில் சேர வேண்டியது விடுபட்டிருக்கிறது, தனித்தனியாக மதிப்பிட வேண்டியதைச் சேர்த்திருக்கிறார்கள் என்பன போன்றவை. ஆகவே அதே வரிசையில் மூன்று நான்கு வீடுகளின் உண்மையான வாடகை, வீட்டின் நிலையைக் காட்டும் படங்கள், பின்கட்டு இல்லாத வீட்டுக்கும் இருக்கும் வீட்டுக்கும் உள்ள வேறுபாடு ஆகியவற்றைக் கொண்டுபோக வேண்டும். முடிவில் திருப்தி இல்லையென்றால் உயர் நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு செய்யலாம். தனி வீட்டுக்கு அது கட்டுப்படியாகாது, ஒரு தாமானே சேர்ந்தால் யோசிக்கலாம். வறுமை காரணமாகக் குறைப்பு வேண்டுமென்றால் அது வேறு வழி: வரியைக் குறைக்கவும் விலக்கவும் மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. அந்த மனு சட்டமன்ற உறுப்பினர் வழியாகப் போக வேண்டியது.

மூன்றாவது சிக்கல்தான் தோட்டப்புறக் குடும்பங்களில் மிகுதி. வாசலில் நின்று, "அண்ணே, உங்க வீட்டு சுக்காய் பிந்து யாரு பேர்ல வருது?" என்று கேட்டால், "அப்பா பேர்லதாம்மா வருது, அவர் தவறி ஆறு வருஷமாச்சு" என்ற பதில் அடிக்கடி வரும். சீட்டு இறந்தவர் பெயரில், நிலப்பட்டாவும் இறந்தவர் பெயரில். வரி கட்டுவது மூத்த மகன், வீட்டில் இருப்பது இளைய மகள். ஆட்சேபம் தெரிவிப்பதற்கும் கழகத்திடம் எதையும் கேட்பதற்கும் உரிமையாளர் இல்லை. உயில் இல்லாத சிறு சொத்தை 1955-ஆம் ஆண்டுச் சிறு சொத்துப் பங்கீட்டுச் சட்டத்தின்படி மாவட்ட நில அலுவலகத்திலேயே முடித்துக்கொள்ளலாம். மரணச் சான்றிதழ், பட்டா நகல், வாரிசுகளின் அடையாள அட்டை நகல்கள், வாரிசுப் பட்டியல் ஆகியவற்றோடு விண்ணப்பம் கொடுத்தால் விசாரணை நாள் தருவார்கள். வாரிசுகள் எல்லாரும் வர வேண்டும், அல்லது ஒப்புதல் தர வேண்டும். ஒரு தம்பி ஜொகூரில் இருந்துகொண்டு வராமல் போனால் கோப்பு அப்படியே கிடக்கும். குடும்பச் சொத்தைக் காப்பது முதல் கடமை என்று பேசுகிறவர்கள் முதலில் கவனிக்க வேண்டிய காகிதம் இதுதான்.

நில வரியின் கிடுக்கிப்பிடி இன்னும் இறுக்கமானது. தேசிய நிலச் சட்டப்படி அது ஜனவரி 1-இலேயே கடனாகிவிடுகிறது, ஜூன் 1 முதல் நிலுவை. நில அலுவலகம் படிவம் 6ஏ அனுப்பினால், அதிலிருந்து மூன்று மாதத்துக்குள் கட்ட வேண்டும். தவறினால் நிலம் மாநில அரசுக்குப் பறிமுதலாகலாம். இறந்தவர் பெயருக்கு, மாறிப்போன முகவரிக்கு அந்தப் படிவம் போனால் யார் கையில் கிடைக்கும்? வாழ்நாள் சேமிப்பில் வாங்கிய வீடு, ஐம்பது அறுபது வெள்ளி நிலுவைக்காக ஆபத்துக்குள்ளாவது இப்படித்தான்.

கோயில்களைப் பற்றி ஒன்று. வழிபாட்டுக்கு மட்டுமே பயன்படும் இடம், உரிமம் பெற்ற பொது இடுகாடு, பொதுப் பள்ளி ஆகியவற்றுக்கு, இலாப நோக்கம் இல்லாதவரை, வீட்டு வரியிலிருந்து விலக்களிக்கச் சட்டம் 171 மாநில அரசுக்கு இடம் தருகிறது. 'அளிக்கலாம்' என்பதுதான் சட்டத்தின் சொல், 'அளிக்க வேண்டும்' அல்ல. கேட்காத கோயிலுக்குக் கிடைக்காது. பட்டாவே இல்லாத தோட்டத்துக் கோயிலுக்கு வரிச் சிக்கலை விட நிலச் சிக்கல் பெரிது. தோட்டம் கைமாறும்போது கோயில் நிலமும் சேர்ந்தே கைமாறிவிடும். தனிப்பட்டா பிரித்துக் கொடுக்கும் அதிகாரமும் மாநிலத்திடம்தான் இருக்கிறது.

யாரைக் கேட்பது

மலேசியாவில் ஊராட்சித் தேர்தல்கள் 1965-இல் நிறுத்தி வைக்கப்பட்டன, 1976 சட்டம் அவற்றை அடியோடு முடித்துவைத்தது. நகராண்மைக் கழகத் தலைவரையும், 8 முதல் 24 வரையிலான உறுப்பினர்களையும் மாநில அரசே நியமிக்கிறது. பதவிக்காலம் மூன்றாண்டுக்கு மேற்படாது. ஆக, வீட்டு வரி விதிப்பவரை நாம் வாக்களித்து இறக்க முடியாது. அவரை நியமிப்பவரைத்தான் இறக்க முடியும். அதனால்தான் சட்டமன்றத் தேர்தல் என்பது தோட்டப்புற ஊரில் வரித் தேர்தல். கழகத்தின் முழுக்கூட்டம் பொதுமக்களுக்கும் பத்திரிகைக்கும் திறந்திருக்க வேண்டும் என்று சட்டத்தின் 23-ஆம் பிரிவு சொல்கிறது, கழகமே அந்தக் கூட்டத்தில் வேறுவிதமாகத் தீர்மானித்தால் தவிர. குழுக் கூட்டங்களுக்கு இது பொருந்தாது. பின்னிருக்கையில் பத்து வரிசெலுத்துவோர் அமர்ந்திருந்தால் கூட்டம் நடக்கும் விதமே வேறாக இருக்கும்.

பேராக்கில் இந்தப் பிடியும் வழுக்கியதுண்டு. 2008-இல் 59 தொகுதிகளில் 31-ஐ வென்று எதிர்க்கட்சிகளின் பக்காத்தான் கூட்டணி ஆட்சி அமைத்தது. 2009 பிப்ரவரியில் மூன்று உறுப்பினர்கள் கட்சியை விட்டு விலக, தேர்தலே இல்லாமல் ஆட்சி மாறியது. அந்த மே மாதம் சபாநாயகர் வீ. சிவகுமார் இருக்கையோடு அவையிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டதை ஊர் மறக்கவில்லை. 2018-இல் நம்பிக்கைக் கூட்டணி (பக்காத்தான் ஹராப்பான்) 29, தேசிய முன்னணி 27, பாஸ் கட்சி 3. அந்த ஆட்சி 2020 மார்ச்சில் கவிழ்ந்தது. அணி மாறி அதே பதவிக்குத் திரும்பிய மந்திரி பெசாரும் (மாநில முதல்வர்) அதே டிசம்பர் 4-இல் நம்பிக்கை வாக்கெடுப்பில் 10-க்கு 48 என்று தோற்றார். 2022 நவம்பர் 19 தேர்தலில் பெரிக்காத்தான் கூட்டணி 26, நம்பிக்கைக் கூட்டணி 24, தேசிய முன்னணி 9. மந்திரி பெசார் பதவி 9 இடம் பெற்ற அணிக்குப் போனது.

இதில் எந்தக் கட்சிக்காரருக்கும் முழு நியாயம் கிடையாது. வாக்காளர் போட்ட வாக்கு மாறாமல் இருக்க வேண்டும் என்பது அடிப்படை ஒழுங்கு, பழமைப் போக்கின் முதல் பாடமும் அதுதான். கட்சித் தாவல் தடைச் சட்டம் 2022 அக்டோபர் 5-இல் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு நடப்புக்கு வந்தது. மாநிலங்கள் தத்தம் அரசியலமைப்பைத் தனியே திருத்த வேண்டியிருந்தது. கட்சியே நீக்கிய உறுப்பினரை அது தொடாது, கட்சி முழுவதும் அணி மாறினாலும் தொடாது. வேட்பாளரிடம் கேட்க வேண்டிய கேள்வி அந்த ஓட்டையைப் பற்றியது.

வீடு வீடாகப் போகும் வேலை

1999, 2004 தேர்தல்களில் இதே தொகுதியில் தோற்ற டாக்டர் மைக்கேல் ஜெயகுமார், 2008-இல் ம.இ.கா. தலைவர் ச. சாமிவேலுவை 1,821 வாக்கில் வென்றார். அவர் சமதர்மக் கொள்கைக்காரர், பழமைப் போக்குக்கு நேர் எதிர்த் திசை. ஆனால் முறையை அவரிடம்தான் கற்க வேண்டும். இரண்டு தோல்விக்கு இடையிலும் தொழிலாளர் வீட்டுப் பிரச்சினை, சம்பளப் பாக்கி, மனு என்று வேலை நின்றதில்லை. சாமிவேலு 1974 முதல் வைத்திருந்த தொகுதி அப்படித்தான் கைமாறியது.

நாள்கணக்கைப் போட்டாலே ஏன் என்று புரியும். 400 வாக்காளர் உள்ள ஒரு வட்டாரத்தில் ஏறத்தாழ 130 வீடு என்று வைத்துக்கொள்வோம். ஓர் இணை ஒரு மாலையில் ஒழுங்காகப் பேசி முடிக்கக்கூடியது பத்து வீடு. அதற்கே 13 மாலை வேண்டும். 2022-இல் வேட்புமனு நவம்பர் 5, வாக்களிப்பு நவம்பர் 19. மழை, பூட்டிய வீடு, இரவு ஷிப்ட் எல்லாம் சேர்ந்தால், வேட்புமனு நாளன்று தொடங்கியவர் ஒரு சுற்றைக்கூட முடிக்க மாட்டார். இரண்டாம் சுற்றில்தான் மனம் மாறும்.

பட்டியலிலிருந்து தொடங்க வேண்டும். ஒவ்வொரு வாக்காளருக்கும் பத்து இலக்கக் குறியீடு இருக்கும்: முதல் மூன்று நாடாளுமன்றத் தொகுதி, அடுத்த இரண்டு சட்டமன்றத் தொகுதி, அடுத்த இரண்டு வாக்களிப்பு வட்டாரம், கடைசி மூன்று இருப்பிடம். சுங்கை சிப்புட் 062. அதற்குள் லிந்தாங் 20, ஜாலோங் 21. கடைசி மூன்று இலக்கத்தை வைத்துப் பிரித்தால் ஒரு தாமான், ஒரு தோட்டம், ஒரு கம்பம் (கிராமம்) தனித்தனியாக விழும். பிறகு அந்தப் பெயர்களை வீட்டோடு ஒப்பிட வேண்டும். 2021 டிசம்பர் 15 முதல் 18 வயதானவர் தானாகவே பதிவாகிறார், முகவரி மைகார்டில் (அடையாள அட்டை) உள்ளதுதான். எப்போதோ மூடிப்போன தோட்டத்தின் முகவரியோடு இன்றும் பலர் இருக்கிறார்கள். அவர்களின் வாக்கு வேறு வாக்களிப்பு மையத்தில் கிடக்கும். முதலில் தேசியப் பதிவு இலாகாவில் முகவரியைத் திருத்தி, பிறகு தேர்தல் ஆணையத்திடம் தொகுதி மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். தேர்தல் அறிவித்த பிறகு திருத்திப் பயனில்லை.

போகிறவர்கள் இருவர், அதில் ஒருவர் பெண், ஒருவராவது அதே வரிசையில் வசிப்பவர். ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர் விடியற்காலையில் போய் மதியம் திரும்புவார், காய் வெட்டுகிறவரும் அப்படியே. மதியத்தில் போனால் தூக்கத்தைக் கெடுப்போம். ஐந்தரையிலிருந்து ஏழரை வரை நல்ல நேரம். வெள்ளிக்கிழமை மாலை கோயில் நேரம், விட்டுவிட வேண்டும். பேக்டரி பஸ்ஸில் போகும் இளையவர்களை ஞாயிறு காலையில்தான் பிடிக்க முடியும். கையில் கட்சித் துண்டறிக்கை வேண்டாம், வரிச்சீட்டு மாதிரி ஒன்றும் ஒரு குறிப்புப் புத்தகமும் போதும். முதல் கேள்வி சீட்டு யார் பெயரில் வருகிறது என்பது. இரண்டாவது, கடைசியாக மதிப்பு எப்போது ஏறியது. மூன்றாவது, மைகார்ட் முகவரி. யாருக்கு வாக்கு என்ற கேள்வியை முதல் சுற்றில் கேட்கவே கூடாது.

கட்சிக் கிளைகளில் வாக்காளரை வெள்ளை (ஆதரவாளர்), சாம்பல் (உறுதியில்லாதவர்), கறுப்பு (எதிர்ப்பவர்) என்று குறிக்கிறார்கள். கெட்டுப்போவது இந்தக் குறியீட்டில்தான். தலைவர் மகிழ வேண்டும் என்று சாம்பலை வெள்ளையாக்கிக் கொடுப்பார்கள். "வாங்க தம்பி, உக்காருங்க, டீ குடிங்க" என்ற உபசரிப்பை ஆதரவென்று எழுதிவிடுவார்கள். தமிழர் வீட்டில் எதிரிக்கும் டீ உண்டு. வந்தவரிடம் தானாக ஒரு குறையைச் சொல்லி, அது தீர்ந்ததா என்று மறுமுறை கேட்பவர்தான் வெள்ளைக்கு நெருங்கியவர். மற்றவர் எல்லாம் சாம்பல்.

அரிசி, சமையல் எண்ணெய் அடங்கிய பையைத் தேர்தல் வாரத்தில் கொடுப்பது சரியான வழி இல்லை. 1954-ஆம் ஆண்டுத் தேர்தல் குற்றச் சட்டம் வாக்குக்காகக் கையூட்டு கொடுப்பதையும் உணவு பானம் கொடுத்து ஈர்ப்பதையும் குற்றமென்கிறது. வேட்பாளரின் செலவு வரம்பு சட்டமன்றத்துக்கு 1 லட்சம் ரிங்கிட், நாடாளுமன்றத்துக்கு 2 லட்சம். சட்டம் ஒருபுறமிருக்க, சொந்தக் காலில் நிற்பதைப் பெருமையாகப் பேசுகிறவர்கள் அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு ஒரு முதியவரின் வாசலில் நிற்பது அந்த முதியவரைச் சிறுமைப்படுத்துகிறது. பத்து வெள்ளி சேர்த்துத் தோட்டம் வாங்கிய தலைமுறை அவர். அவருக்கு நில அலுவலகத்தில் ஒரு விசாரணை நாள் வாங்கித் தருவது பத்துப் பைக்குச் சமம்.

வாக்களிப்பு நாளில் ஒவ்வொரு வாக்குச் சாலுரானிலும் (வாக்களிப்பு மையத்தில் வாக்காளரைப் பிரித்து அனுப்பும் வரிசை) வேட்பாளரின் முகவர் இருக்க வேண்டும். சாலுரான்கள் வயதுப்படி பிரிந்தவை: ஒன்றாம் எண்ணில் மூத்தவர்கள், கடைசி எண்ணில் இளையவர்கள். எண்ணி முடித்ததும் படிவம் 14-இல் ஒவ்வொரு வேட்பாளரின் வாக்கும், செல்லாத வாக்கும் எழுதப்படும். முகவர் கையொப்பமிட்டு நகலைக் கேட்டு வாங்க வேண்டும். களைப்பில் வாங்காமல் வருவது பெரிய இழப்பு. அந்த நகல்கள் இருந்தால்தான் எந்த வயதினர் எங்கே விலகினார்கள் என்று வட்டார வாரியாகப் பார்க்க முடியும். கடைசிச் சாலுரானில் வாக்கு குறைந்திருந்தால் பிள்ளைகள் ஊருக்குத் திரும்பவில்லை, அல்லது திரும்பி வேறு பக்கம் போட்டார்கள். வீட்டுப் பட்டியலோடு ஒப்பிட்டால் எது என்று தெரிந்துவிடும். நகல்களைக் கோப்பில் சேர்த்த கையோடு அடுத்த சுற்றுக்கான நாளைக் குறிக்க வேண்டும், அரையாண்டு வீட்டு வரிச்சீட்டு வாசலில் விழும் வாரத்துக்கு.